மாமா கட்சி

“அண்ணே, அந்தப் பய ஓடுனானா இல்லையா?”

என் லோரிக் கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சின்னப்பன் கேட்டான். காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை. நல்ல வெயில். குலை ஏற்றிய லோரிகள் ஆலை வாசலிலிருந்து செம்மண் பாதை முழுக்க வால் நீட்டிக்கொண்டு நின்றன. காய்ப்பு அதிகமான மாதங்களில் இப்படித்தான். எடை போட்டு, குலையைக் கொட்டி, வெறும் லோரியோடு வெளியே வருவதற்குள் காலையில் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோறு ஊசிப்போகும். உள்ளே பழம் வேகிற வாடை காற்றோடு வந்து முகத்தில் அப்பும். இனிப்பா புளிப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெய் உருக்க வைத்துவிட்டு அடுப்பை மறந்துபோனால் என்ன வாடை வருமோ, அது.

நான் இருக்கையைச் சாய்த்து, காலைத் தூக்கி முன்னால் போட்டு, மடியில் நாவலை விரித்திருந்தேன்.

“இன்னும் ஓடல,” என்றேன். “மூட்டை கட்டுற பேச்சே வரல.”

“முந்தாநாளும் இதத்தானே சொன்னீங்க.”

“எழுதுனவரு மெதுவா எழுதியிருக்காரு.”

“அவரு மேல பழி போடாதீங்க. நீங்கதான் ஒரே பக்கத்தப் பூசணிக்கா மாதிரி உருட்டிக்கிட்டு இருக்கீங்க.”

சொன்னது சரிதான். உருட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குக் காரணம் என் கண் இல்லை. என் மகள்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, லோரி சேற்றில் புதைந்த கதையைப் படித்துவிட்டுச் சிகாமட் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: லோரி ஓட்டுகிறவருக்கு எழுதப் படிக்க யார் சொல்லிக் கொடுத்தது? கேள்வியில் கொஞ்சம் சந்தேகம் தொனித்தது. தப்பில்லை, எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லோரி போகாத ஊர்

என் மகள் யாழினி திரங்கானுவில் கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். கடலில் இருப்பதைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும், வறுத்துச் சாப்பிட்டால் போதாதா என்று அப்போதே கேட்டவன் நான். பட்டத்தோடு வந்தவள் குளுவாங்கில் ஒரு கைப்பேசிக் கடையில் கொஞ்ச காலம் நின்றாள். ஒருநாள் சாப்பிடும்போது சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“ப்பா, வேல கெடச்சிருக்கு. சபாவுல. ஒரு தீவு. ஆமை முட்டையெல்லாம் பாதுகாக்குற எடம்.”

“யாருகிட்டேருந்து?”

“உடும்பு, நண்டு, மனுஷன்.”

“மூனுல உடும்பு பரவால்ல,” என்றாள் என் மனைவி சாந்தி.

எங்கள் வீட்டில் யாருக்கும் வாய்க்குப் பூட்டு கிடையாது. நான் மட்டும் அன்றைக்கு மனதுக்குள் சாலைப் படத்தை விரித்தேன். திரங்கானு என்றால் வேறு. காஹாங்கைத் தாண்டி, மெர்சிங் போய், கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே விட்டால் வந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குலையைக் கொட்டிய கையோடு லோரியைத் திருப்பலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபாவுக்கு எந்தப் பக்கம் திருப்புவது? லோரி போகாத ஊருக்கு என் பிள்ளை போகக் கூடாது. இது நான் அந்த நிமிடமே இயற்றிய சட்டம்.

சட்டத்துக்குத் துணையாகப் பழமொழியும் இருந்தது. பழமொழி இல்லாமல் நான் கொல்லைக்குக்கூடப் போக மாட்டேன் என்று சாந்தி சொல்லுவாள்.

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க,” என்றேன்.

“ஆமை வீட்டுக்குள்ள நான்தாம்ப்பா புகப் போறேன். கவலப்பட வேண்டியது ஆமைங்க.”

பதிலடி பலமாக இருந்ததால் நான் தண்ணீர் குடித்தேன். அவள் எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று பார்த்தால் கையில் ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வேணாம்னு சொன்னீங்கன்னா கேட்டுக்கறேன். ஆனா மொதல்ல இதப் படிச்சு முடிங்க. முடிச்சுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்.”

அது அவள் பள்ளியில் படிவம் நான்கில் இலக்கியப் பாடத்துக்குப் படித்த நாவல். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தமிழ் இலக்கியம் எடுத்த ஆயிரம் பேர் எனக்கு அதன் படிப்பினையை விளக்கிக் கடிதம் போடுவீர்கள். தாயில்லாத பையன் ஒருவன் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து ஆளாகிற கதை என்று தெரிந்தால் போதும். எல்லாரும் பதினாறு வயதில் படித்துவிட்ட புத்தகம். நான் ஐம்பது தாண்டி அதன் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தத் தீவுக்காரர்கள் மாத முடிவுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். நான் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செங்கல் கனம். நானோ எழுத்துக் கூட்டுகிற ஆள். மாதம் தானாக முடியும், வேலை தானாகப் போகும், வேண்டாம் என்று சொன்ன பழி என் தலையில் விழாது.

“சரிம்மா. படிக்கறேன்,” என்றேன்.

அவ்வளவு சீக்கிரம் நான் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. சாந்தி ரசக் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள்.

வாயை மூடினால் எழுத்து நின்றுவிடும்

இப்போது சிகாமட் அம்மாவுக்குப் பதில்.

எங்கப்பா என்னை மலாய்ப் பள்ளியில் சேர்த்தார். மலாய் நன்றாக வந்தால் அரசாங்கம் கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் நன்றாகத்தான் படித்தேன். அரசாங்கம்தான் கூப்பிட மறந்துவிட்டது. அதனால் தமிழில் பேசுவேன், திட்டுவேன், பாடுவேன், படிக்க மட்டும் தெரியாது. கோயில் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவேன். அது காலணியை வெளியே விடச் சொல்லும் அறிவிப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

எழுத்து கற்றது லோரி வரிசையில்தான். ஆலை வாசலில் வேறு வேலை என்ன இருக்கிறது? மகள் ஒன்றாம் ஆண்டில் வைத்திருந்த அரிச்சுவடியை லோரியில் போட்டுக்கொண்டேன். எழுத்து பிடிபட்டதும் பத்திரிகைக்குப் போனேன். பத்திரிகையிலும் செய்தி கடினம். எனக்குப் பாடம் சொன்னது மரண அறிவிப்புகள். அதில் எல்லாருக்கும் ஒரே சொற்கள்தாம்: மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், இறைவனடி. ஒன்றைப் படித்துவிட்டால் மற்றதில் பெயர் மட்டும்தான் மாறும். படம் வேறு போட்டிருப்பார்கள். இதனால் துக்கத்துக்கான சொற்கள் எனக்கு முதலில் வந்துவிட்டன. மகிழ்ச்சிக்கான சொற்கள் தாமதமாக வந்தன. முதன்முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தபோது என் குரலைக் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா ஆறுதலாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படிப்பு வந்ததே ஒழிய வாயை மூடிக்கொண்டு படிக்க வரவில்லை. உதடு நின்றால் எழுத்தும் நின்றுவிடும். குளுவாங்கில் என் லோரியைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னார். “பழைய இஞ்சினும் புதுசாப் படிக்கிறவனும் சத்தம் போடாம ஓட மாட்டாங்க, மாரி.” அந்த மனிதர் டயரைப் பற்றிப் பேசினாலும் எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும்.

ஆக நான் லோரிக்குள் நாவல் படித்தால் அது பக்கத்து லோரிக்கும் கேட்கும்.

வளர்த்த கடா

முதலில் வந்தவன் பக்கத்து லோரிக்காரன் சின்னப்பன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுவரை எழுத்துகளோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தவன். அடுத்து வந்தவர் ரோஸ்லான், அவரும் லோரிக்காரர். தோட்டத்தில் பிறந்து எங்களோடு வளர்ந்த மலாய்க்காரர். தமிழ்ப் படம் பார்த்துவிட்டு எனக்கே கதை சொல்லுவார். இருவரும் என் லோரியின் நிழலில் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஐஸ் போட்டுப் பையில் கட்டிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டு கேட்பார்கள்.

கதையில் வரும் பையன் கதிரேசன். ஆற்றங்கரை ஊரில் மாமாவுக்கு நெல் அரைக்கும் ஆலை. அதைப் பையன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பையனுக்கோ துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் இஞ்சின் வேலை கற்க வேண்டும். மாமா முடியாது என்கிறார். அவனும் வாய்க்கு வாய் பேசுகிறான்.

“சோறு போட்ட மனுஷன எதுத்துப் பேசறான் பாருங்க,” என்றான் சின்னப்பன். “எங்கப்பாவா இருந்தா செவுளு திரும்பியிருக்கும்.”

“மாமா என்ன தப்பாக் கேட்டாரு?” என்றார் ரோஸ்லான். “மில்லு இருக்கு, வீடு இருக்கு. கப்பல் எதுக்கு லா?”

“வளர்த்த கடா மார்ல பாயுது,” என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

எங்களுக்கு அந்த மாமாவை மிகவும் பிடித்துப்போனது. எங்களைப் போலவே பேசுகிறவர். எதற்கெடுத்தாலும் பழமொழி. அவர் வீட்டு வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் கத்தும். அந்தச் சத்தத்தில் தெருநாய் எழுந்து பதில் சொல்லும். எண்ணெய் போடச் சொல்லி அத்தை நச்சரித்தால், ‘காவல்காரனுக்கு யாராவது வாயைக் கட்டுவார்களா’ என்று கேட்பார். சின்னப்பன் அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னான். அவன் லோரிக் கதவும் அப்படித்தான் கத்தும். அதை இனிமேல் காவல்காரன் என்றே கூப்பிடப் போவதாகச் சொன்னான்.

நான் வீட்டுக்குப் போய், ஒப்பந்தத்தை மீறாமல், பொதுவாகக் கேட்பதுபோல் யாழினியிடம் கேட்டேன்.

“ஒங்க கிளாஸ்ல எல்லாரும் யாரு பக்கம்?”

“இதென்ன கேள்விப்பா? கதிரேசன் பக்கம்தான். பொண்ணுங்கல்லாம் அவனுக்காக அழுதோம்.”

“மாமாவுக்காக?”

“மாமாவுக்காக யாரு அழுவா?”

நாங்கள் அழுவோம். ஆலை வாசலில் அன்றே ஒரு கட்சி உருவாகிவிட்டது. மாமா கட்சி. தலைவர் கதைக்குள் இருந்தார். நான் செயலாளர். சின்னப்பனும் ரோஸ்லானும் செயற்குழு. எங்கள் மூவருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூசணிக்காய்

படித்துப் பழகாதவர்களுக்கு ஒன்று தெரியாது. கதை பிடித்துவிட்டால் மெதுவாகப் படிப்பது வேகமாகப் படிப்பதைவிடக் கஷ்டம். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகிற மாதிரி. கால் நடுங்கும்.

கதிரேசன் ஓடுவானா மாட்டானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடவிட்டால் கதை வேகம் பிடிக்கும், வேகம் பிடித்தால் புத்தகம் முடியும், முடிந்தால் யாழினி முன்னால் உட்கார வேண்டும். ஆகவே படித்த பக்கத்தையே மறுபடி படித்தேன். வர்ணனையில் தங்கினேன். ஆற்றைப் பற்றி எழுதியிருந்தால் ஆற்றிலேயே கிடந்தேன்.

யாழினி கேட்கவே இல்லை. சொன்ன சொல் தவறாதவள். புத்தகத்தைப் பார்ப்பாள், படித்த இடத்தில் அடையாளத்துக்குச் சொருகியிருக்கும் டீசல் ரசீதைப் பார்ப்பாள், கடைக்குப் போய்விடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேசியது சாந்தி. ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

“ஏங்க, அந்த ரசீது ஒரே எடத்துல குடியிருக்கே. வாடக குடுக்குதா?”

“கஷ்டமான பக்கம்.”

“கஷ்டமான பக்கமா? அத்த முறுக்கு சுடுற பக்கம். பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்ற தைரியம் இல்லாம புத்தகத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு இருக்கீங்க.”

“அது முறுக்கு சுடுற பக்கம்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“யாழி ஃபாரம் ஃபோர் படிக்கறப்பவே நான் படிச்சிட்டேன்.”

“சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கவே இல்ல.”

“முடிவு என்ன ஆவுது?”

“மீன் பொரிக்கப் போறேன். நகருங்க.”

வீட்டில் இப்படி என்றால் ஆலையில் கலகமே வந்துவிட்டது. நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த வெயில் நாள் அதுதான். பூசணிக்காய் என்று சின்னப்பன் சொன்னதும் ரோஸ்லானும் வந்து நின்றார்.

“மாரி, இன்னிக்கு அந்தப் பய போகலன்னா நான் ஒன் லோரிக்கு முன்னால என் லோரிய விட்டுருவேன்.”

வரிசையை உடைப்பேன் என்பது ஆலை வாசலில் விளையாட்டுப் பேச்சில்லை. அதைக்கூட நான் சமாளித்திருப்பேன். ஆனால் சின்னப்பன் கூடையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“எனக்கு அவன் போறது முக்கியமில்லண்ணே. திரும்பி வரானா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்.”

சின்னப்பனின் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம். வருவதில்லை. போகும்போது அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றிவிட்டது.

நான் ரசீதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

கத்தாத கதவு

கதிரேசன் விடியற்காலை போகிறான். ஒரு துணி மூட்டை. கூடத்தில் மாமா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அவரைத் தாண்டிப் போகிறான். தாழ்ப்பாளை எடுக்கிறான். கதவைத் திறக்கிறான். வெளியே பனி. தெரு ஓரத்தில் நாய் சுருண்டு தூங்குகிறது. படகுத்துறைவரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அத்துடன் அந்த அத்தியாயம் முடிகிறது.

நான் புத்தகத்தை மார்பில் கவிழ்த்தேன். தே தாரிக் பையில் ஐஸ் கரைகிற சத்தம்.

“கதவு?” என்றான் சின்னப்பன்.

“என்ன கதவு?”

“கத்தணும்லண்ணே. நாய் எழும்பணும்ல. அது தூங்குதுன்னு படிக்கிறீங்க.”

“எழுதுனவரு மறந்திருப்பாரு.”

“நாயக்கூட மறக்காம எழுதுனவரு கதவ மறப்பாரா?”

முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். எத்தனையோ முறை உருட்டிய பக்கங்கள்தாம். அத்தை முறுக்கு சுடுகிறாள். வாசலில் மாமா விளக்கை வைத்துக்கொண்டு குனிந்து என்னவோ செய்கிறார். என்ன என்று அத்தை கேட்கிறாள். கரப்பான் என்கிறார். பிறகு சாப்பிட வருகிறார். கையில் பிசுக்கு போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்.

இதை நான் சத்தம் போட்டுத்தான் படித்திருக்கிறேன். முறுக்கு வாசனையில் எங்கள் மூவருக்கும் மாமா கண்ணில் படவில்லை.

“மின்யாக்,” என்றார் ரோஸ்லான். பிறகு அதையே தமிழில் சொன்னார். “எண்ணெ. கதவுக்கு எண்ணெ போட்டுட்டாரு, மாரி. பையன் போறது அவருக்குத் தெரியும்.”

“தூங்கல,” என்றான் சின்னப்பன். “செவுத்தப் பாத்துப் படுத்திருக்காரு.”

கூடாது கூடாது என்று புத்தகம் முழுக்கக் கத்திய மனிதர். எங்கள் கட்சித் தலைவர். எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முதல்நாள் சாயங்காலமே கட்சி மாறியிருக்கிறார்.

சின்னப்பன் எழுந்து கூடையை எடுத்து லோரிக்குள் போட்டான். “நான் எண்ணெ போடலண்ணே,” என்றான். “எம்மவன் போறப்ப நான் சாவியத் தூக்கி அவன் மேல அடிச்சேன்.” அவன் ஏறிக் கதவைச் சாத்தியபோது அது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. நாங்கள் யாரும் அதைக் காவல்காரன் என்று சொல்லவில்லை.

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு முன்னால் வரிசை எப்போதோ நகர்ந்து, பல லோரி நீளத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

மிச்சத்தை அன்றைக்கே படித்தேன். குலையைக் கொட்டிவிட்டுச் சாலையோரம் ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில் லோரியை நிறுத்தி, வெளிச்சம் மங்குகிறவரை படித்தேன். கதிரேசன் வெகு காலம் கழித்துப் பெரிய ஆளாகத் திரும்பி வருகிறான். மாமா இல்லை. அத்தையும் இல்லை. கதவைத் தள்ளுகிறான். கதவு கத்துகிறது. அதோடு கதை முடிகிறது.

ஒட்டுக்கடைக்காரர் வந்து, “யாரு அண்ணே தவறிட்டாங்க?” என்று கேட்டார். நான் படித்த தொனி அப்படி.

எனக்குக் கேக்கல

மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை வைத்தேன்.

“முடிச்சுட்டேன்,” என்றேன்.

யாழினி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“சரிப்பா. இப்பச் சொல்லுங்க.”

வருகிற வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“அந்தக் கதவப் பத்தி நீ ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“எந்தக் கதவு?”

“மாமா வீட்டுக் கதவு. அவன் போறப்போ கத்தலியே.”

“கத்தலியா?”

“அப்ப கடைசியில கத்துதே, அது எதுக்குன்னு நெனச்ச?”

“டீச்சர் அத சோகமான சூழல் வர்ணனைன்னு எழுதச் சொன்னாங்க. ரெண்டு மார்க்கு.”

புத்தகத்தை இழுத்துப் புரட்டினாள். உதடு அசையாமல் கண் மட்டும் ஓடியது. எனக்கு எப்போதும் பொறாமையாக இருக்கும் அந்த வேகம், வாசலில் மாமா குனிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. திரும்ப முதல் வரியிலிருந்து படித்தாள். இந்த முறை அவளுக்கும் உதடு அசைந்தது.

“நான் கவனிக்கவே இல்லப்பா,” என்றாள் மெல்ல. “நான் அவன் கூடவே வெளிய போயிட்டேன்.”

“பதினாறு வயசுல யாரு மாமாவத் திரும்பிப் பாக்குறா,” என்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்று அடுப்படியிலிருந்து சாந்தியின் குரல் வந்தது. “பிசுக்குக் கையோட சாப்புட உக்காந்தா எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? அந்த அத்தைக்கும் தெரிஞ்சிருக்கும். அதான் அன்னிக்கு முறுக்கு சுட்டா. வழிக்குக் குடுத்துவிட.”

நாங்கள் இருவரும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். ஒரு புத்தகத்துக்குள் இன்னும் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களோ.

“சரி,” என்றாள் யாழினி. “மாமா கட்சி இப்ப என்ன முடிவு பண்ணியிருக்கு?”

கட்சி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நான் தூக்கத்திலும் பேசுகிறவன்.

“தலைவரே எண்ணெ போட்டுட்டாரு,” என்றேன். “செயலாளர் தனியா நின்னு என்ன பண்ணப் போறான்?”

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆச்சு, நேராகச் சொல்லாத மாதிரியும் ஆச்சு. யாழினி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

“எண்ணெ போட்டாப் போதுமாப்பா?”

“என்னம்மா?”

“அவன் ஆயுசுக்கும் மாமாவ ஏமாத்திட்டு வந்தோம்னே நெனச்சுக்கிட்டு இருந்தான். கடைசியில கதவு கத்துது, அப்பவும் அவனுக்குப் புரியல. நான் படிச்சே எனக்குப் புரியல. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாமாவுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?”

என் தலைவருக்காக நான் வாதாட வேண்டிய இடம் அது. பழமொழிகள் எனக்குள் வரிசை கட்டி நின்றன. ஒன்றும் நகரவில்லை. ஊரார் சொன்னதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு நானே சொல்ல வேண்டியது மட்டும் வாய்க்கு வருவதற்குள் ரசம் ஆறிப்போனது.

“போய்ட்டு வாம்மா,” என்றேன். ரசத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

யாழினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் கேக்கல,” என்றாள் சாந்தி உள்ளேயிருந்து. “சத்தமாச் சொல்லுங்க. நாளைக்குச் சொல்லவே இல்லம்பீங்க.”

“போய்ட்டு வான்னு சொன்னேன்.”

“இன்னும் கொஞ்சம்.”

கத்தினேன். குரல் உடைந்துதான் வந்தது, ஆனால் நன்றாகக் கேட்கிற மாதிரி வந்தது.

எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் வாழ்த்துவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. பக்கத்து வீட்டு மேகலாக்காவின் குரல் வந்தது.

“மாரி, யாரு எங்க போறாங்க?”

“நம்ம யாழிதான்க்கா. சபாவுக்கு,” என்று சாந்தி பதில் கொடுத்தாள். “அப்பா சரின்னு சொல்லிட்டாரு. வேல கெடச்சிருக்கு.”

போயிற்று. மேகலாக்காவுக்குத் தெரிந்தால் விடிவதற்குள் தாமான் முழுக்கத் தெரியும். இனி என் சட்டத்தை யாரிடமும் எடுத்துச் சொல்ல முடியாது.

“சபாவா,” என்றாள் மேகலாக்கா. “அங்க கருவாடு நல்லாருக்குமாம். வரும்போது எனக்கு ஒரு பாக்கெட் கொண்டாரச் சொல்லு.”

யாழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஆனால் நான் முந்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“சரிக்கா. ரெண்டாவே கொண்டாருவா.”